ஏழு வயதில் ஒட்டப்பட்டவள்

போஸ்டர் ஒட்டுகிறவரின் மகள், மூன்று தேர்தல் வந்துபோன பிறகும் ஏழு வயதாகவே இருந்தாள். சாப்பாட்டில் குறையில்லை, தூக்கத்தில் குறையில்லை. புத்தி வளர்ந்தது, முடி வளர்ந்தது, ஆள் மட்டும் வளரவில்லை. ஆடிய முன்பல் விழாமல் ஆடிக்கொண்டே இருந்தது. டாக்டர் தட்டிப் பார்த்துவிட்டு, பிள்ளை கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறது, அடுத்த ஆளை வரச்சொல்லுங்கள் என்றார்.

காரணம் ஊருக்கே தெரியும். அவளுக்கு ஏழு வயதில் ஒரு பொதுக்கூட்டத்தில் தலைவர் அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். அதைப் படம் பிடித்து, கீழே ‘இவளைக் காப்போம்’ என்று போட்டுப் போஸ்டர் அச்சடித்தார்கள். யாரிடமிருந்து என்று போடவில்லை. அதை அவரவர் இஷ்டப்படி நிரப்பிக்கொண்டார்கள். பெரும்பாலோர், பிழைக்க வந்து பின்தெருவில் குடியிருந்தவர்களைப் போட்டு நிரப்பினார்கள். ஒரு மழைக்காலத்தில் அந்தத் தெரு காலியானது. தலைவருக்குக் குழந்தைகள் என்றால் உயிர்; சொந்தப் பிள்ளைகளின் பெயரைத்தான் மாற்றி மாற்றிச் சொல்வார்.

அப்பாவோ பெருமை தாங்காமல் ஒரு சுவர் விடாமல் மகளை ஒட்டினார். பசையில் என்ன சேர்க்கிறார் என்று மனைவியிடம்கூட மூச்சு விடமாட்டார். வெயில், மழை எதற்கும் அது அசைந்து கொடுக்கவில்லை. “நான் ஒட்டுனா ஒட்டுனதுதான்” என்பார். கட்சியும் நிரந்தர வேலை கொடுத்தது. கூடப் படித்தவர்கள் கைக்குழந்தையோடு வந்து நின்றபோது, மகள் கண்ணாடி பார்ப்பதை விட்டுவிட்டாள். பாவம், யாரிடம் போய்ச் சொல்வாள்.

மார்க்கெட் பக்கம் ஒரு லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது சுவரைப் போஸ்டரோடு சாய்த்தது. அன்று மாலை மகளின் கவுன் ஒரு விரற்கடை மேலே ஏறியிருந்தது. தாய்க்குச் சலவைக்கடையில் வேலை, துணி விஷயத்தில் அவள் கண்ணை ஏமாற்ற முடியாது. புருஷனிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்: “உங்க பசை பெருசா, பெத்த பொண்ணு பெருசா?”

அவர் தட்டைத் தள்ளிவைத்தார். மறுநாள் வெந்நீர் வாளியும் சுரண்டியும் எடுத்துக்கொண்டு பட்டப்பகலில் கிளம்பினார். தெருவே திரண்டு வந்து திட்டியது. “பச்சப்புள்ள முகத்தைக் கிழிக்கிறியே, நீயெல்லாம் ஒரு அப்பனா?” வேலை போனது. கட்சிக்காரர்கள் ஏணியைப் பிடுங்கிக்கொண்டார்கள். நகம் பெயர்ந்து ரத்தம் வந்தபோது தன் பசையைத் தானே கெட்ட வார்த்தையில் திட்டினார். ஆனால் தெருவுக்குத் தெரு மகள் உயர்ந்தாள். சலவைக்குப் போட்டுவிட்டு யாரும் வந்து வாங்காத உடுப்புகளைத் தாய் அவளுக்கு ஒவ்வொன்றாக மாற்றிவிட்டாள்.

கடைசியாகக் கட்சி அலுவலகத்தின் பக்கச் சுவர். கீழ்ப்பாதி வந்துவிட்டது, மேல்பாதி எட்டவில்லை. எம்பிப் பார்த்தார், விழுந்தார், எழுந்து மறுபடி எம்பினார். ஊர் பார்க்கிறதே என்று நினைக்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

பின்னாலிருந்து ஒரு கை அவர் தோளைத் தொட்டது.

“தள்ளுப்பா. எனக்கு எட்டும்.”

மூலையைப் பிடித்து ஒரே இழுப்பில் உரித்தாள். வேடிக்கை பார்த்தவர்களில் ஒருவர், அப்பனைவிட ஒரு சாண் உயரம் என்றார். இன்னொருவர் ஆமாம் என்றார். அதற்குள் பஸ் வந்துவிட்டது, எல்லோரும் ஏறிப் போனார்கள்.