மகன் ஒன்று, கல்லூரி வயது

இந்த வருடக் கடல் எங்கள் வீட்டுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. துறையூரில் கடல் கிடையாது என்பதால், வருடத்துக்குத் தெருவில் ஒரு வீடு என்று முறைவைத்துக் கொடுக்கிறார்கள். மூன்று நாள். எந்த ரிசார்ட் என்று வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குள் எழுதிக் கொடுக்கவேண்டும். தவறினால் கடல் எதிர்வீட்டுச் சாமிக்கண்ணுவுக்குப் போய்விடும்.

சாமிக்கண்ணு பங்குனியிலிருந்தே நீச்சல் கண்ணாடி போட்டுக்கொண்டு அவர் வீட்டு வாசலில் நிற்கிறார். அப்பாவைப் பார்த்தால், "அவசரமில்ல சார், நல்லா யோசிங்க" என்பார்.

எங்கள் வீட்டில் நான்கு பேர். அப்பா தனபால், பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார். எங்கே கிளம்பினாலும் எங்களை வரிசையாக நிறுத்தி எண்ணுவார். அம்மா செண்பகவல்லி, கேள்வி கேட்பாள். தங்கை இலக்கியா, பத்தாவது. நான் நவநீதன், பி.காம். இரண்டாம் வருடம். என் காதில் எப்போதும் ஒயர் இருக்கும். பாட்டு ஓடாவிட்டாலும் இருக்கும்.

புதன்கிழமை தபாலில் மூன்று விளம்பரப் புத்தகங்கள் வந்தன.

அலைவாய் ரிசார்ட்டில் செவ்வாய்க்கிழமை கடலுக்கு விடுமுறை. நீலமணலில் முழங்கால் வரைதான் கடல். அதற்கு மேல் வேண்டுமென்றால் டாக்டர் கடிதம் வேண்டும். முத்துக்கரையில் 'எல்லாம் அடக்கம்' என்று மட்டும் போட்டிருந்தது.

"பாத்ரூம்ல வாளி இருக்கான்னு கேளுங்க" என்றாள் அம்மா.

அப்பா முத்துக்கரைக்குப் போன் போட்டார்.

"வாளி உண்டு. மக்கும் உண்டு. எல்லாம் அடக்கம்."

"வேற என்னென்ன அடக்கம்?"

"நீங்க எத்தனை பேரு?"

"நாலு."

"நாலும் அடக்கம்." போன் வைக்கப்பட்டது.

"தெளிவா பேசறான்" என்றார் அப்பா. முத்துக்கரை முடிவாயிற்று.

மூன்று புத்தகங்களின் அட்டையிலும் ஒரே குடும்பம் மணலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தது. இதை இலக்கியாதான் முதலில் கவனித்தாள். வியாழக்கிழமை காலை அந்த ஆளுக்கு அப்பாவின் மீசை வந்திருந்தது. மதியம் அந்தப் பெண்ணின் கையில் அம்மாவின் மஞ்சள் ஒயர்கூடை இருந்தது. பையன் மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு கடலைப் பார்த்து நின்றான்.

"திரும்பி நின்னா போட்டோ நல்லாயிருந்திருக்கும்" என்றாள் அம்மா. அட்டை ஈரமாக இருந்தது. கிளிப் மாட்டிக் கொடியில் காயப்போட்டாள்.

ஒதுக்கீட்டு அலுவலகம் பஸ் ஸ்டாண்டு மாடியில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கே போய்விட்டோம். வராந்தா நீளமாக இருந்தது. அப்பா மணி பார்க்கும்போதெல்லாம் இன்னும் நான்கு அடி நீண்டது. அம்மா அவர் கையிலிருந்து வாட்சைக் கழற்றிக் கூடைக்குள் போட்டாள். உடனே கவுண்டர் வந்துவிட்டது.

கவுண்டரில் ரெயின்கோட் போட்ட ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார்.

"எத்தனை பேரு?"

"நாலு."

"நாலு பேரும் இருக்கீங்களா?"

"இருக்கோம்."

"இருக்கறதுக்கு என்ன ஆதாரம்?"

அப்பா ரேஷன் கார்டை நீட்டினார். அந்த அம்மாள் அதை முகர்ந்து பார்த்தார்.

"இது அரிசி வாங்கறதுக்கு. இருக்கறதுக்கு வேற."

"பால் கார்டு இருக்குங்க" என்றாள் அம்மா.

"அது போதும்."

ஒரு படிவம் கொடுத்தார். இருநூற்றுப் பன்னிரண்டு வரிசை எண்கள். எங்கள் வீட்டில் எந்தப் படிவத்தையும் நான்தான் நிரப்புவேன். என் எழுத்துதான் கட்டத்துக்குள் நிற்கும். அப்பா சொல்லச் சொல்ல எழுதுவது வழக்கம்.

அப்பாவுக்கு ஒரு கொள்கை உண்டு. அடக்கம் என்று சொல்லிவிட்டால் எதையும் விடக்கூடாது. கல்யாணப் பந்தியில் இலை ஓரத்து உப்பைக்கூட விட்டுவிட்டு எழமாட்டார்.

"வாளி?"

"டிக் போடு."

"கிழக்குக் காத்து?"

"போடு."

"பௌர்ணமி?"

"நாம போறது அமாவாசைக்குங்க" என்றாள் அம்மா.

"குடுக்கறான்ல? போடு."

"புருஷன் பெண்டாட்டிச் சண்டை, லேசானது, ஒருமுறை."

"அது நம்மகிட்டயே இருக்கே" என்றாள் அம்மா.

"இருந்தா என்ன? அடக்கம்தானே?"

"எதைப் பார்த்தாலும் வாரிக்கணும் உங்களுக்கு."

"நீ ஒருத்தி, வாசல்லயே ஆரம்பிச்சிடுவ."

"இது கணக்குல வராது" என்றார் ரெயின்கோட் அம்மாள். "மணல்ல போட்டாத்தான் செல்லும்."

நூற்று அறுபத்து மூன்றாவது எண்ணில் பேனா நின்றது.

"அப்பா, மகன்னு ஒண்ணு இருக்கு. கல்லூரி வயது."

"அடக்கமா?"

"அடக்கம்தான்."

"அப்புறம் என்ன? போடு."

"நான் இருக்கேனேப்பா."

"நீ பாட்டுக்கு இரு. அதுக்காகக் குடுக்கறதை விடுவாங்களா?"

ஜன்னலுக்கு வெளியே சாமிக்கண்ணு நீச்சல் கண்ணாடியோடு நின்றுகொண்டிருந்தார். அது மாடி. மணி மூன்று ஐம்பத்தெட்டு. டிக் போட்டேன். டிக் கட்டத்துக்குள் அழகாக நின்றது.

திங்கட்கிழமை டவுன் பஸ்ஸில் கிளம்பினோம். கடல், கடைசி நிறுத்தத்துக்குப் பின்னால் இருந்தது. ஏறும்போது அப்பா எண்ணினார். நான்கு. இறங்கும்போது எண்ணினார். நான்கு. அம்மா வழக்கம்போல வீட்டிலிருந்தே எல்லாவற்றையும் கட்டியிருந்தாள். தலையணை இரண்டு, போர்வை மூன்று, சோப்பு டப்பா, நான்கு பொட்டலம் புளியோதரை. வழியில் என்னிடம் ஏதோ கேட்டாள். நான் தலையாட்டினேன்.

முத்துக்கரையின் வாசலில் ஒரு பலகை இருந்தது. 'உள்ளே அடக்கமான பொருளை வெளியிலிருந்து கொண்டுவரக் கூடாது.' பக்கத்தில் செக்யூரிட்டி, எங்கள் படிவத்தை வைத்துக்கொண்டு நின்றார்.

"தலையணை அடக்கம். லக்கேஜ் ரூம்ல வைங்க."

வைத்தோம்.

"போர்வை அடக்கம். அங்கயே. இது என்னம்மா?"

"புளியோதரைங்க."

அவர் தாளைப் புரட்டினார். "எலுமிச்சை இருக்கு, தயிர் இருக்கு. புளி இல்ல. எடுத்துட்டுப் போங்க." பிறகு என்னைப் பார்த்தார். "இது?"

"எம் பையன்" என்றாள் அம்மா.

"மகன் அடக்கம். நூத்தி அறுபத்து மூணு. டிக் போட்டிருக்கே."

உள்ளேயிருந்து ஒருவன் வந்தான். தோளில் துண்டு. என் முகம். தலையில் எண்ணெய் வைத்து வாரியிருந்தான். வந்ததும் அம்மா கையிலிருந்த கூடையை வாங்கிக்கொண்டான். எனக்கு அப்படியொரு யோசனை இதுவரை வந்ததில்லை.

"ஏங்க, ரெண்டு இருக்கு" என்றாள் அம்மா.

"ரெண்டுக்கு அனுமதி இல்லம்மா" என்றார் செக்யூரிட்டி. "எது வெளியிலிருந்து வந்ததுன்னு நீங்கதான் அடையாளம் சொல்லணும்."

அம்மா எங்கள் இருவரையும் பார்த்தாள். "பஸ்ல நான் என்னடா கேட்டேன்?"

"தண்ணி பாட்டில் எடுத்துக்கிட்டியான்னு கேட்டீங்கம்மா" என்றான் அவன்.

நான் காதிலிருந்து ஒரு ஒயரை எடுத்தேன். "என்னம்மா?"

அம்மாவின் முகம் அவன் பக்கம் திரும்பியது. இலக்கியா குறுக்கே வந்தாள்.

"அய்யோ அம்மா! அண்ணனுக்கு என்னைக்கு நீ பேசினது காதுல விழுந்திருக்கு? விழலைன்னாத்தான் அண்ணன். இதான் நம்ம லூசு."

"ஆமாங்க" என்றாள் அம்மா. என் தோளைத் தொட்டாள். "இவன்தான் எம் புள்ளை. சந்தேகமே இல்ல."

"நல்லது" என்றார் செக்யூரிட்டி. "அப்ப இவருதான் வெளியிலிருந்து வந்தது. லக்கேஜ் ரூம்."

என் கையில் ஒரு டோக்கன் கட்டி, அதன் ஜோடியை அப்பாவிடம் கொடுத்தார். எண் பதினேழு. காதிலிருந்து ஒயரை உருவினார். "இது பட்டியல்ல இல்ல. இது உள்ள போகலாம்." ஒயரைச் சுருட்டிப் புளியோதரைக்கு மேலே வைத்தார்.

"மூணு நாள்தானேடா" என்றார் அப்பா. "வெயில்ல அலையாம உக்காரு." பிறகு எண்ணினார். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. சரியாக இருந்தது. உள்ளே போனார்கள்.

லக்கேஜ் ரூமில் தலையணைகள் ஒரு பக்கம் அடுக்கியிருந்தன. இன்னொரு பக்கம் நீள பெஞ்சு. அதில் மகன்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருக்கும் டோக்கன் கட்டியிருந்தது. நான் எங்கள் தலையணைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அடுத்து இருந்தவருக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. கல்லூரி ஐ.டி. கார்டு போட்டிருந்தார்.

"உங்களுக்கு எத்தனை நாள் பேக்கேஜுங்க?" என்று கேட்டேன்.

"மூணு நாள்."

"எப்ப வந்தீங்க?"

"இப்பத்தான்."

ஜன்னல் வழியாகக் கடற்கரை தெரிந்தது. அப்பாவும் அம்மாவும் மணலில் நின்று சண்டை போட்டார்கள். லேசானது. ஒருமுறை. பிறகு ஒருவன் கேமராவோடு வந்து நால்வரையும் நிறுத்தினான். பையன் முதலில் கடலைப் பார்த்து நின்றான். அம்மா ஏதோ சொன்னாள். அவன் திரும்பிச் சிரித்தான். போட்டோ நன்றாக வந்திருக்கும்.

காதில் ஒயர் இல்லாததால் எல்லாம் துல்லியமாக விழுந்தது. கடல் விழுந்தது. அதற்கு மேல் அம்மா விழுந்தாள். "தலை துவட்டினியா? செருப்பு எங்க? ரொம்ப உள்ள போகாத, போவியா?" இருநூறு அடி தூரத்திலிருந்து ஒரு சொல் சிந்தாமல் வந்தது. முதல் நாள் எல்லாவற்றுக்கும் அவன் பதில் சொன்னான். பெஞ்சிலிருந்து நானும் சொன்னேன். துவட்டிட்டேன்மா. இங்கதான்மா. போகலம்மா. சும்மா இருந்தேன், அவ்வளவுதான். பழகிவிட்டது.

இரண்டாம் நாள் அவன் புளியோதரைப் பொட்டலத்தின் மேலிருந்து ஒயரை எடுத்துக் காதில் மாட்டினான். அதன் பிறகு அம்மா ஒவ்வொன்றையும் இரண்டு தடவை கேட்கவேண்டியிருந்தது. நான் இரண்டு தடவையும் பதில் சொன்னேன்.

மூன்றாம் நாள் மதியம் அவர்கள் வெளியே வந்தார்கள். எல்லோரும் கறுத்திருந்தார்கள். கூடையை அம்மாவே தூக்கிக்கொண்டு வந்தாள். அவன் பின்னால் தலையை ஆட்டிக்கொண்டு வந்தான்.

அப்பா டோக்கன்களை நீட்டினார். தலையணை வந்தது. போர்வை வந்தது. பதினேழு என்றார்கள். நான் எழுந்துபோய் கவுண்டரில் நின்றேன். செக்யூரிட்டி அவனையும் என் பக்கத்தில் நிறுத்தினார்.

"ஒண்ணை விட்டுட்டு ஒண்ணை எடுத்துக்கணும். நல்லாப் பார்த்து எடுங்கம்மா. மாத்தி எடுத்தா நாங்க பொறுப்பில்ல."

அம்மா பக்கத்தில் வந்தாள். எனக்கும் மூன்று நாளில் ஜன்னல் வெயில் ஏறி, எண்ணெய் வழிந்து, அவனைப்போல ஆகியிருந்தது. இலக்கியா என்னைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"நீ சொன்ன மாதிரியே பார்த்துடறேன்" என்று அம்மா அவளிடம் சொன்னாள். பிறகு எங்களிடம், "டேய், தண்ணி பாட்டில் எடுத்துக்கிட்டியா?"

பதில் சொல்லக் கூடாது என்று எனக்குத் தெரியும். விழாததுபோல நிற்கவேண்டும். பத்தொன்பது வருடம் செய்த வேலைதான். சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் ஒயரோடு தலையை ஆட்டிக்கொண்டு நின்றான்.

"ரெண்டும் பேசலையே" என்றார் அப்பா. "நாலரைக்கு பஸ்ஸு."

அம்மா போகவில்லை. கூடையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு மெதுவாக, யாரிடம் என்று இல்லாமல், "சாப்ட்டியாடா?" என்றாள்.

"இன்னும் இல்லம்மா" என்றேன்.

நான் சொல்லவில்லை. வாய் சொல்லிவிட்டது.

அம்மா என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு செக்யூரிட்டி பக்கம் திரும்பினாள்.

"இது இல்லைங்க. எங்க பையனுக்கு இதெல்லாம் காதுல விழாது."

"அம்மா" என்றேன். "நான்தாம்மா."

"பாருங்க, மறுபடியும் பேசுது" என்றாள் அம்மா. கூடைக்குள் கையை விட்டு ஒரு பொட்டலத்தை எடுத்தாள். நான்கில் மூன்று தீர்ந்து, ஒன்று மிச்சம் இருந்தது. அதைக் கவுண்டரில் என் முன்னால் வைத்தாள். "யாரு பெத்த புள்ளையோ. சாப்பிடு தம்பி."

இலக்கியா இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள். வாசலில் அப்பா எண்ணினார். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. பஸ் நாலரைக்குச் சரியாகக் கிளம்பியது. அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து அவனிடம் ஏதோ கேட்டாள். அவன் தலையாட்டினான்.

பெஞ்சுக்குத் திரும்பினேன். நரைத்தவர் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார். பொட்டலத்தைப் பிரித்தேன். எனக்குக் காரம் ஆகாது என்று மிளகாயைப் பொறுக்கி எடுத்துவிட்டுக் கட்டியிருந்தது. பாதியை அவரிடம் நீட்டினேன்.

அவர் வாங்கிக்கொண்டார்.

"உங்களுக்கும் காதுல விழுந்துடுச்சா?" என்றார்.