நீதிமன்றத்துக்கு ஒரு கீபோர்டு

அந்த நீதிமன்றத்தில் ஒரு தட்டச்சர் இருந்தாள். சாட்சி வாயை மூடுவதற்குள் வரியை முடித்துவிடும் கைவேகம் அவளுக்கு. வீட்டில் ஒரு பைத்தியமும் உண்டு: கீபோர்டு கட்டுவது. பலகை, ஸ்விட்ச், எழுத்து மூடி என்று தனித்தனியாக வாங்கி, தானே பூட்டி, தட்டித் தட்டி ரசிப்பாள். அதுவரை கட்டிய ஐந்தும் தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி சடசடக்கும். அந்தச் சத்தத்துக்காகத்தானே கட்டுவதே.

ஒரு வியாழக்கிழமை அதில் ஒன்றை வேலைக்குக் கொண்டுபோனாள். வினை அங்கே பிடித்தது. அன்று கூண்டில் நின்றவள் ஒரு நெசவாலைத் தொழிலாளி. இயந்திரத்தில் கை நசுங்கிய தோழிக்காகச் சாட்சி சொல்ல வந்தவளுக்குப் பயத்தில் குரலே எழும்பவில்லை.

நீதிபதி காதில் கை வைத்துப் பார்த்துவிட்டுத் தட்டச்சரிடம் திரும்பினார்.

"ஏம்மா, அவங்க பேசுறதக் கேக்கவா, நீங்க தட்டுறதக் கேக்கவா?"

கூடம் சிரித்தது. சாட்சி விசாரணை திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போனது. தலைமை எழுத்தர் அவளைத் தனியே கூப்பிட்டார்.

"ஆபீஸ் கீபோர்டுலயே அடிங்க. இல்லன்னா பழைய கோப்பு அறைக்குப் போயிடுங்க."

"ஆபீஸ் கீபோர்டுல பாதி எழுத்து விழாது சார்."

"அப்ப உங்க இஷ்டம்."

அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. சத்தமே போடாத ஒன்றைக் கட்டிவிடுவது என்று அன்றைக்கே முடிவெடுத்தாள்.

கணவன் சைக்கிள் பழுதுபார்ப்பவன். மேஜையில் பரப்பியிருந்ததைப் பார்த்துச் சொன்னான்: "ஆறாவதா? நம்ம ரெண்டு பேருக்கும் சேத்தே இருபது விரல்தான இருக்கு."

அவள் நிமிரவில்லை. உள்ளே ரப்பர் வைத்த ஸ்விட்சுகள் எண்பத்தேழு. ஒவ்வொன்றையும் பிரித்து, மெல்லிய தூரிகையால் கிரீஸ் தடவி மூட வேண்டும். முதல் பத்தில் கை தாராளமாகிவிட்டது. அமுக்கியவை எழும்பவே மறுத்தன. கழுவித் துடைத்து மறுபடி ஆரம்பித்தாள். சனிக்கிழமை மாலை பெட்டியின் அடியில் பஞ்சு விரித்துப் பூட்டினாள். எல்லா எழுத்துகளும் ஊமையாகிவிட்டன. இடைவெளி விடும் நீளக் கட்டை மட்டும் கிலுகிலுப்பை மாதிரி ஆடியது. சொல்லுக்குச் சொல் அதைத்தானே தட்டியாக வேண்டும்.

ஞாயிறு மதியத்துக்குள் நான்கு முறை கழற்றிப் பூட்டிவிட்டாள். கட்டையின் ஆட்டம் நிற்கவில்லை. கணவன் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

"அதுக்கு அடியில ஒரு கம்பி இருக்கே, அத எடு."

முகம் பார்க்கும் கண்ணாடியைப் படுக்கப் போட்டு, அதன்மேல் கம்பியை வைத்தான். ஒரு முனை மயிரிழை தூக்கி நின்றது.

"கோட்டம். சக்கரத்துல வர்ற அதே கோட்டம்தான்."

மூச்சைப் பிடித்துக்கொண்டு, சின்னக் குறடால் ஒரு மணி நேரம் கோட்டம் எடுத்தான். பூட்டித் தட்டினாள். சத்தமில்லை. அவன் நம்பாமல் தானே பத்து முறை தட்டிப் பார்த்தான்.

திங்கட்கிழமை சாட்சி அதே கம்மிய குரலில்தான் பேசினாள். ஆனால் கடைசி பெஞ்சுவரை கேட்டது. அரை மணி கழித்து ஆலைத் தரப்பு வக்கீல் எழுந்தார்.

"மெஷினோட பாதுகாப்பு மூடி தானா கழண்டுச்சுன்னு நீங்கதான சொன்னீங்க?"

சாட்சி திணறினாள். நீதிபதி தட்டச்சரைப் பார்த்தார்.

"நீங்க அடிக்கிறீங்களா, இல்ல சும்மா விரல ஓட்டுறீங்களாம்மா? சத்தமே காணோமே."

"எல்லாம் இருக்குங்க ஐயா."

"வாசிங்க பாப்போம்."

அவள் எழுந்து நின்று வாசித்தாள். "மூடியக் கழட்டச் சொன்னது மேற்பார்வையாளர். நான் பக்கத்துலதான் நின்னேன். அப்புறம், ஃபேனக் கொஞ்சம் கொறைங்கப்பா."

"அது நான் சொன்னது," என்றார் நீதிபதி. உதட்டோரம் சிரிப்பு. "அத எடுத்துடுங்க. மத்தது பதிவுல அப்படியே இருக்கட்டும். அடுத்த கேள்வி, வக்கீல் சார்."

வக்கீல் உட்கார்ந்தார். சாட்சி முதல்முறையாக நிமிர்ந்து நின்றாள்.

சாயங்காலம் நேரே கணவனின் கடைக்குப் போனாள்.

"என்ன ஆச்சு?"

"யாருக்கும் கேக்கல."

குறடை வீசி எறிந்துவிட்டு அவன் சிரித்த சிரிப்பு தெருமுனைவரை கேட்டது.