ஒரு தோட்டா கூடுதல்

எங்கள் முகாமில் ஆள் காணாமல் போனால் நாலு பேர் தேடுவார்கள். காலித் தோட்டா காணாமல் போனால் கம்பெனியே தேடும். சுடும்போது துப்பாக்கியிலிருந்து தெறிக்கும் பித்தளைக் கூட்டை ஒன்றுவிடாமல் எண்ணித் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் போச்சு. அது கிடைக்கும்வரை எவனுக்கும் லீவு கிடையாது. எல்லைக்கு அந்தப் பக்கம் வடகொரியாக்காரன் உட்கார்ந்திருக்கிறான் என்று சொல்லித்தான் எங்களைப் பிடித்து வந்தார்கள். நான் அங்கே இருந்த காலமெல்லாம் பயந்தது இந்தப் பித்தளைக்குத்தான்.

அந்த பிப்ரவரியில் யாங்கு மலையில் பனி உருகிச் சேறாகியிருந்தது. தோ கியூமினுக்கு மறுநாள் காலை லீவு. என்னோடு ஒரே நாளில் சேர்ந்தவன், பக்கத்துப் படுக்கை. அவனுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அவன் அம்மா புருஷனிடம் அடி தாங்காமல் அர்ஜென்டினாவுக்குப் போய்விட்டாள். அங்கே தையல் கடையில் தைத்துத் தைத்துக் காசு சேர்த்து, இப்போதுதான் முதல்முறையாக ஊருக்கு வருகிறாள். சியோலில் மூன்று நாள் தங்கிவிட்டுத் திரும்ப வேண்டும். வேலையை விட்டுவிட்டு அதற்கு மேல் இருக்க முடியாது.

"அவசர லீவு கேளேன்டா" என்று சொல்லிப் பார்த்தேன்.

"கேட்டேன். அம்மா செத்தாத்தான் குடுப்பாங்களாம். உயிரோட வந்தா கெடையாதாம்" என்று சிரித்தான்.

அதனால் முறைப்படி வரவேண்டிய லீவைத்தான் மலைபோல் நம்பியிருந்தான். லீவுக்கு முந்தைய நாளாகப் பார்த்து, சுடும் பயிற்சி வைத்தார்கள். சார்ஜண்ட் பாங் சுட்டான். கியூமின் பக்கத்தில் படுத்து, தெறிக்கும் கூடுகளை வலைப்பையில் பிடித்தான். எண்ணிப் பார்த்தால் ஒன்று குறைந்தது.

பிறகென்ன, கம்பெனி முழுவதும் சேற்றில் மண்டி போட்டது. கையுறையைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள், விரலால் தடவினால்தான் தெரியுமாம். மதியச் சோறு கிடையாது. லீவில் போகவேண்டிய மற்றவர்கள் கியூமினைக் கடந்து போகும்போதெல்லாம் ஒரு வார்த்தை கொட்டினார்கள்.

"கை இருக்கா, இல்ல கை இருக்கற எடத்துல காலை வச்சுத் தைச்சு அனுப்பிட்டாங்களாடா உனக்கு?"

"திருத்திக்கிறேன் சார்."

கடைநிலைச் சிப்பாய்க்குத் தெரியாது, முடியாது என்ற வார்த்தைகளெல்லாம் கிடையாது. எதைக் கேட்டாலும் திருத்திக்கொள்கிறேன் என்று சொல்ல வேண்டும். கியூமின் அதைச் சொல்லிக்கொண்டே தடவினான். நகக்கண்ணில் ரத்தம் வந்திருந்தது. அதை அவன் கவனிக்கவேயில்லை. எனக்கு அவனைப் பார்க்கவே பொறுக்கவில்லை.

சார்ஜண்ட் பாங் அடுத்த வாரம் ராணுவத்தை முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறவன். அவன் துப்பாக்கியில் தொலைந்த கூடு என்பதால் அவன் போவதும் தள்ளிப்போகும். தேடுகிற சாக்கில் எங்களிடம் தவழ்ந்து வந்து, கியூமின் உள்ளங்கையில் எதையோ திணித்தான். பித்தளைக் கூடு. பழைய ஆட்கள் இப்படி ஒன்றிரண்டைப் பதுக்கி வைத்திருப்பது எல்லோருக்கும் தெரியும், அதிகாரிகளைத் தவிர.

"வாய மூடிட்டுக் கண்டுபிடிடா, முட்டாப்பயலே. உங்கம்மா காத்துட்டிருக்கா."

கியூமின் அதைச் சேற்றில் புரட்டினான். "கிடைச்சிருச்சு!" என்று கத்தினான். காலித் தோட்டா கண்ணில் பட்டால் அந்த நொடியே கத்த வேண்டும், யோசிக்கக்கூடாது என்று முதல் வாரத்திலேயே அடித்துப் பழக்கியிருந்தார்கள். கம்பெனியே ஓவென்று கூச்சல் போட்டது. காலையிலிருந்து திட்டியவர்கள் அவன் முதுகில் தட்டினார்கள். கேப்டன் எண்ணினார், கணக்கு சரியாக வந்தது.

சாயங்காலம் கியூமின் லீவுச் சட்டைக்கு இஸ்திரி போட்டான். கை தோல் உரிந்திருந்ததால் பொத்தான்களை நான்தான் துடைத்துக் கொடுத்தேன். அம்மா தன்னை அடையாளம் கண்டுபிடிப்பாளா என்று திரும்பத் திரும்பக் கேட்டான். கண்டுபிடிக்காவிட்டால் திருத்திக்கொள்கிறேன் என்று சொல்லிவிடு என்றேன். அன்று அவன் விழுந்து விழுந்து சிரித்ததை நான் மறக்கமாட்டேன்.

பயிற்சியில் போட்டிருந்த பஞ்சு வைத்த உள்சட்டையை, மடித்து வைப்பதற்காக உதறினான். அதன் கிழிந்த அக்குள் வழியாக என்னவோ கழன்று சிமெண்டுத் தரையில் டிங்கென்று விழுந்தது.

"கிடைச்சிருச்சு!"

அவன்தான் கத்தினான். நல்ல புத்தியுள்ளவன் அதைக் காலால் மிதித்து மறைத்திருப்பான், விழுங்கிக்கூட இருப்பான். இவனுக்குப் புத்தி வருவதற்குள் வாய் திறந்துவிட்டது. அவ்வளவு நன்றாகக் கற்றுக் கொடுத்திருந்தார்கள். கத்திவிட்டுத் தன் வாயைப் பொத்திக்கொண்டான். வராந்தாவில் நின்ற கேப்டன் உள்ளே வந்தார்.

ஒரு கூடு குறைந்தால் கவனக்குறைவு. ஒன்று கூடினால் யாரோ தோட்டா திருடுகிறான் என்று அர்த்தம், போலீஸ் விசாரணை வரைக்கும் போகும். கேப்டன் கூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுதான் காணாமப் போனது. அப்ப முன்னாடி குடுத்தது ஏதுடா?"

"திருத்திக்கிறேன் சார்."

"எவன் குடுத்தான்? பேரச் சொல்லு. காலையில பஸ் ஏத்தி விடுறேன். உங்கம்மா வர்றாங்கன்னு எனக்குத் தெரியும்."

சார்ஜண்ட் பாங் எதிர்ப் படுக்கையருகே விறைப்பாக நின்றான். கியூமின் அவன் பக்கம் கண்ணைக்கூடத் திருப்பவில்லை. பேரைச் சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்துத் திரும்பினால், மிச்சமிருக்கும் ஒரு வருடத்துக்கும் மேல் இதே அறையில்தான் படுக்க வேண்டும். காட்டிக்கொடுத்தவனோடு இங்கே ஒருவரும் பேசமாட்டார்கள். செருப்பில் கண்ணாடித் தூள் கிடக்கும். அப்படி ஒருவன் போன வருடம் பெல்ட்டில் தொங்கினான். நானாவது சொல்லியிருக்கலாம். எனக்கும் அதே அறைதான், அதே பயம்தான். பாங் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்த நாய் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"சொல்றியா, இல்லயா?"

"திருத்திக்கிறேன் சார்."

விடியற்காலையில் அவனைத் தண்டனை முகாமுக்கு வண்டியேற்றினார்கள். அங்கே இருக்கும் நாட்கள் சேவைக் கணக்கில் சேராது.

மூன்றாம் நாள் மதியம் வாசல் காவல் என்னுடையது. டவுன் பஸ்ஸிலிருந்து ஒரு அம்மா இறங்கி வந்தாள். அந்தக் குளிருக்குப் போதாத மெல்லிய கோட்டு. கையில் வறுத்த கோழிப் பெட்டி, கீழே எண்ணெய் ஊறியிருந்தது. மூக்கும் நெற்றியும் கியூமினேதான்.

"தம்பி, தோ கியூமின்னு ஒரு புள்ள. லீவு இல்லன்னு சொன்னாங்க. அஞ்சு நிமிஷம் பாத்துட்டுப் போயிடறேம்பா. ராத்திரி பிளேன்."

"பார்வையாளர் அனுமதி இல்லை" என்றேன். காவலில் நிற்பவன் சொல்லக்கூடியது அவ்வளவுதான்.

"உள்ள இருக்கானா?"

"பார்வையாளர் அனுமதி இல்லை."

அவள் அழவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். அவர்களில் அவன் இல்லை என்று அவளுக்கு எப்படித் தெரியும்? பிறகு என்னிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"எவ்வளவு உசரம் இருக்கான் தம்பி?"

காவலில் துப்பாக்கியை விட்டுக் கையெடுக்கக்கூடாது. எடுத்தேன். என் காதுக்குச் சற்று மேலே காற்றில் உள்ளங்கையை விரித்துக் காட்டினேன்.

அவள் அருகே வந்து, என் கைக்குக் கீழே இருந்த வெற்றிடத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.