வார் நின்ற கால்மணி நேரம்

பதுளையிலிருந்து விசாரணைக்கு வந்த அரசாங்க இன்ஸ்பெக்டர் தேயிலைத் தொழிற்சாலையின் வாசலில் குதிரையை விட்டு இறங்கியபோது, சூசையம்மா கொழுந்துக்கூடையை இறக்கிவைத்து முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். நாற்பது நாளைக்கு முன், கொழுந்தரைக்கும் உருளையைச் சுழற்றும் தோல்வார் அவளுடைய கணவன் யேசுரத்தினத்தின் கையைக் கவ்வி, ஆளையே சக்கரத்துக்குள் இழுத்துக் கொன்றது. இப்போது அதே இடத்தில் நிற்பவன் அவளுடைய தம்பி யாகோப்பு. மணமாகி ஆறு மாதம் ஆகவில்லை. வாரைச் சுற்றி மரத்தடுப்பு அடிக்க வேண்டும் என்பதே அவள் அனுப்பிய மனு. நான்கு பலகை! அதற்கு ஒரு கைம்பெண் அரசாங்கத்திடம் மன்றாட வேண்டியிருந்தது.

உள்ளே இரைச்சல் காதைப் பிளந்தது. மொழிபெயர்க்க வந்த துபாசியின் வாய் அசைந்ததே தவிர, சொல் விளங்கவில்லை.

"சத்தமாச் சொல்லு, புள்ள!" என்று கத்தினார் கங்காணி.

துரைமாரின் முகத்துக்கு நேரே குரலை உயர்த்துவதா? கூலிக் குடியிருப்பான லயத்தில் பிறந்த எந்தப் பெண்ணும் துணியாத காரியம் அது. அவள் கைகூப்பினாள்.

"மெசின கொஞ்சம் நிப்பாட்டச் சொல்லுங்க ஐயா. மரியாதையா, மெதுவாச் சொல்லிப்புடுறேன்."

உடன் நின்ற தோட்டத்துத் துரை தயங்கவே இல்லை. வெளியே எந்திரத்தை ஓட்டும் நீர்ச்சக்கரத்துக்கு வரும் தண்ணீரை அடைத்தார்கள். வார் தளர்ந்து, ஆடி, நின்றது.

அந்த அமைதியில் அவள் ஒன்று விடாமல் சொன்னாள்: எந்தக் கை முதலில் போனது, எத்தனை முறை யேசுரத்தினம் மாதாவைக் கூப்பிட்டார் என்பது வரை. இன்ஸ்பெக்டர் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு கையுறையைக் கழற்றி, மாட்டின் முதுகைத் தடவுவதுபோல் வாரைத் தடவிப் பார்த்தார். ஏதோ எழுதினார்.

"என்னாங்க எழுதுறாரு?"

துபாசி தரையைப் பார்த்தார். "வாருல ஆபத்து ஒண்ணும் காணலையாம். ஒம் புருசன்தான் கவனமில்லாம நின்னிருக்கணுமாம்."

"ஓடுறப்ப பாக்கணுங்க! ஓடுறப்ப ஒருக்கா!"

"நீதானே நிப்பாட்டச் சொன்ன?" என்றார் கங்காணி.

அப்போதுதான் அவள் கத்தினாள். வாழ்நாளில் முதன்முறையாக, துரைமாரின் முதுகைப் பார்த்துக் கத்தினாள். அதை மொழிபெயர்க்க எவரும் முன்வரவில்லை. பங்களாவில் சாப்பாடு காத்திருந்தது.

மடையைத் திறந்தார்கள்.

"போக்கா, கொழுந்துக்கு நேரமாச்சு," என்றான் யாகோப்பு, சிரிக்க முயன்று. "தொர தொட்டுப் பாத்த வாரு. இனிமே கடிக்காது."

அவள் போகவில்லை. வார் மெல்ல அசைந்தது. பிறகு கண்ணுக்குப் பிடிபடாத வேகமாயிற்று. அதன் காற்று அவனுடைய நெற்றி மயிரை நிமிர்த்தி, சக்கரத்தின் பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது.