சரமகவிக்கு ஓர் இங்கிலீஷ் வரி

ஐந்தரைக்கு எழுந்தேன். ஜன்னல் இடுக்கில் செருகியிருந்த புத்தகத்தை உருவினேன். ஜன்னல் கதவைத் திறந்தேன். மழை இல்லை. பல் துலக்கி, குளித்து, வேட்டி மாற்றி, நாற்காலியில் உட்கார்ந்தேன். சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு கை காபித் தம்ளரை நிலைப்படியில் வைத்துவிட்டு உள்ளே போனது. எடுத்துக் குடித்தேன். சர்க்கரை இல்லை.

அந்தக் கை என் மாமியார் சொர்ணம்மாளுடையது. மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பேசும் வழக்கம் அவருக்கு இல்லை. மூன்று வருஷமாக என்னிடம் சொல்ல வேண்டியதை என் மனைவி அம்சவேணியிடம்தான் சொன்னார். ரங்கூன் லான்மடாவில் இந்த மேல்மாடி சின்னது. நான் இரண்டு முழத் தூரத்தில் இருப்பேன்.

"மாப்பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் ரசம் வேணுமான்னு கேளு."

அம்சவேணி என் பக்கம் திரும்புவாள். "காதுல விழுந்துச்சா, இல்ல நானும் ஒரு தடவை சொல்லணுமா?"

அவள் இறந்து பதின்மூன்று நாள் ஆகிறது. சர்க்கரையைப் பற்றி யார் வழியாகச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஜன்னலில் இருக்கும் புத்தகம், விக்டோரியா ராணி காலத்தில் ஓர் ஆங்கிலப் பெண் தான் மணக்கப்போகிறவரை நினைத்து எழுதிய காதல் கவிதைகள். ஒவ்வொன்றும் பதினான்கு அடி. காலேஜில் எனக்குப் பாடம். மிஷன் பள்ளியில் அம்சவேணிக்கும் பாடம். அதில் ஓர் அடி ரங்கூனில் இங்கிலீஷ் படித்த எல்லோருக்கும் மனப்பாடம். இறந்த பிறகும் அன்பு போகாது என்று பொருள். கலியாணத்துக்கு முன்னால் அதை என் சொந்த வரி போல அம்சவேணிக்கு எழுதி அனுப்பினேன். பதிலில் ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தியிருந்தாள். வேறு எதுவும் கேட்கவில்லை. கலியாணமான பிறகு புத்தகம் ஜன்னலுக்குப் போயிற்று. மழைக்காலத்தில் கதவு அடித்துக்கொள்ளும். இடுக்குக்கு அதுதான் சரியான பருமன்.

ஏழு மணிக்கு அச்சுக்கூடம் வைத்திருக்கும் பீர் முகைதீன் புரூப் கொண்டுவந்தார். பதினாறாம் நாள் வருகிறவர்களுக்குக் கொடுக்கும் சரமகவி. இறந்தவளைப் புகழ்ந்து பத்து விருத்தம். கீழே 'அம்மையாரின் கடைசி வாக்கு' என்று அந்த இங்கிலீஷ் அடி. அம்மையாருக்கு வயது இருபத்திரண்டு.

"கடைசி வாக்குன்னு தடிச்ச எழுத்துல போட்டிருக்கேன் தம்பி. இங்கிலீஷ் எழுத்துல 'வி' ஒண்ணே ஒண்ணுதான் நல்லா இருக்கு. இந்த வரியிலயும் ஒண்ணுதான் வருது. உங்க நேரம்."

"சரி பாய்."

"போன மாசம் ஒரு கலியாணப் பத்திரிகைக்கும் இதே வரியைத்தான் கோத்தேன். கலியாணத்துக்கும் ஆவுது, இதுக்கும் ஆவுது. வெள்ளைக்காரி யோசிச்சுத்தான் எழுதியிருக்கா." அவர் குடையை எடுத்துக்கொண்டார். "பதினொரு மணிக்கு மெஷின்ல ஏத்திடுவேன். மாத்தணும்னா அதுக்குள்ள சொல்லிவிடுங்க."

அம்சவேணி அந்த வரியைச் சொல்லவில்லை. சாவு வீட்டில், கியாக்டடா வட்டாரத்தில் என் ஆபீஸின் தலைமைக் குமாஸ்தா, "கடைசியாக என்ன சொன்னார்கள்?" என்று இங்கிலீஷில் கேட்டார். என் வாயில் அதுதான் வந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுநாள் அவள் படித்த பள்ளியில் தலைமையாசிரியை கரும்பலகையில் எழுதினாராம். பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டார்களாம். சரமகவி பாடிய புலவர் இங்கிலீஷ் தெரியாதவர். அவரும் அருமை என்றார்.

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

"பாய் என்னமோ கடைசி வாக்குன்னாரே." அடுப்பைப் பார்த்துக் கேட்டிருக்க வேண்டும்.

நான் யாரிடம் பதில் சொல்வது? நடுவில் ஆள் இல்லை.

கதவு திறந்தது. சொர்ணம்மாள் வெளியே வந்து என் முகத்தைப் பார்த்தார். அம்சவேணியின் புருவம் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

"மாப்பிள்ளை, எம் மக இங்கிலீஷ்லயா பேசிட்டுப் போனா?"

புரூப்பைக் கவிழ்த்து வைத்தேன்.

"ஒம்போது நாள் காய்ச்சல்ல கிடந்தா. ஒம்போது நாளும் நான் முழிச்சிருந்தேன். கடைசி நாள் மத்தியானம் கொஞ்சம் கண்ணசந்துட்டேன். எந்திரிச்சுப் பாத்தா முடிஞ்சு போச்சு." அவர் முந்தானையை எடுக்கவில்லை. "அவ அம்மான்னு கூப்பிட்டு, நான் கேக்காமத் தூங்கியிருந்தா, அதைச் சொல்லிடுங்க. எனக்குப் புரியாத பாஷையைப் போட்டு மூடாதீங்க."

"கூப்பிடல."

"எனக்காகப் பொய் சொல்ல வேணாம்."

"பொய் இந்தத் தாள்லதான் இருக்கு. நான் சொன்னது."

பேனாவை எடுத்து அந்த வரியையும் அதற்கு மேலிருந்த தலைப்பையும் அடித்தேன். பிறகு நடந்ததைச் சொன்னேன். அன்று மத்தியானம் காற்றும் மழையும். கட்டிலுக்குப் பக்கத்தில் பாயில் மாமியார் தூங்கிக்கொண்டிருந்தார். புத்தகம் நழுவித் தரையில் விழுந்திருந்தது. ஜன்னல் கதவு இரண்டு தடவை அடித்தது. அம்சவேணி கண்ணைத் திறந்தாள். முதலில் பாயில் கிடந்த அம்மாவைப் பார்த்தாள், பிறகு என்னை. குரல் எழும்பவில்லை. குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டேன். அவள் சொன்னபடி செய்துவிட்டுத் திரும்புவதற்குள் முடிந்துவிட்டது.

"என்ன சொன்னா?" என்றார் சொர்ணம்மாள்.

அவள் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"அந்தப் புஸ்தகத்தைச் செருகுங்க. அம்மா முழிச்சுக்கும்."