மாப்பிள்ளைப் பெட்டி

மச்சானுடையது செல்போன் ரிப்பேர் கடைதான். ஆனால் பழைய கேம் செட்டுகளைப் பிரித்துப் பூட்டுவதில் அவனுக்குத் தனி வெறி. அதனால்தான் மாப்பிள்ளை தன்னுடையதை அங்கே கொண்டுபோனான். பாட்டில் தொழிற்சாலையில் கன்ட்ரோல் பேனல் பார்க்கிறவன் அவன். இடைவேளையில் கேன்டீன் மூலையில் உட்கார்ந்து, உள்ளங்கை அகலத் திரையில் கோட்டை பிடிப்பது ஒன்றுதான் அவனுக்கு இருந்த சொகுசு.

"இந்த இண்டிகேட்டர் லைட்டை மட்டும் மாத்திக் கொடுங்க மச்சான். சார்ஜ் இருக்கறப்ப நீலம் எரியணும். தீரப்போறப்ப சிவப்பு."

மச்சான் லென்ஸை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தான். "இப்ப பச்சையும் சிவப்பும் நல்லாத்தானே எரியுது?"

"நீலம்னா ஒரு ஸ்டைலா இருக்கும்ல."

"ஸ்டைலா? பொண்டாட்டி எடுத்துக் கொடுக்கிற சட்டையைக் கேள்வி கேட்காம மாட்டிக்கிட்டு வர்ற ஆளு நீங்க. உங்களுக்கு எதுக்கு மாப்ள ஸ்டைலு?"

மாப்பிள்ளை அசடு வழியச் சிரித்தான். மச்சான் பின்பக்கத் திருகாணிகளைக் கழற்றி, மூடியை நகத்தால் நெம்பி எடுத்தான். பலகையின் ஓரத்தில், குறுநொய் அளவுக்கு அந்த விளக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரே விளக்குக்குள் இரண்டு நிறம். நீலத்துக்குக் கூடுதல் வோல்ட் வேண்டும், ரெசிஸ்டரையும் மாற்ற வேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டே, சின்ன பேட்டரியில் இரண்டு விளக்குகளை எரியவிட்டு மாப்பிள்ளை பக்கம் நகர்த்தினான்.

"சிவப்பை நீங்களே எடுத்துக் கொடுங்க."

மாப்பிள்ளையின் கண்ணுக்கு இரண்டும் ஒரே மங்கல் மஞ்சள். கொஞ்சம் பிரகாசமாக இருந்ததைத் தொட்டான்.

மச்சான் லென்ஸைக் கழற்றி வைத்தான். மாப்பிள்ளை தொட்டது பச்சை.

"எத்தனை நாளா இப்படி?" என்று மெதுவாகக் கேட்டான்.

மறைக்க வழியில்லை. பிறந்ததிலிருந்தே இப்படித்தான் என்றான் மாப்பிள்ளை. தொழிற்சாலை பேனலில் பிரச்சினையே வராது. மேல் வரிசை எரிந்தால் நிறுத்து, கீழ் வரிசை எரிந்தால் ஓட்டு. இடத்தை வைத்தே எல்லாம் தெரிந்துவிடும். ஒரே விளக்கு நிறம் மாறும் இந்தக் கருவியிடம்தான் அந்த வித்தை பலிக்கவில்லை. பாதி ஆட்டத்தில் செத்துப்போகிறது. வேலையில் சேரும்போது நடந்த கண் பரிசோதனையில், வண்ணப் புள்ளிகளுக்குள் இருந்த எண்களை, முன்னால் போய்வந்தவன் காதில் சொன்னபடியே ஒப்பித்துத் தேறியதையும் சொன்னான்.

"உங்க தங்கச்சிக்குக்கூடத் தெரியாது. சித்தப்பா காதுக்குப் போச்சுன்னா என் வேலையே போயிரும் மச்சான்."

சித்தப்பா என்றது மனைவியின் சித்தப்பாவை. அந்தத் தொழிற்சாலையில் ஃபோர்மேன். மாப்பிள்ளைக்கு வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான்.

"சேச்சே, என் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வராது. நம்ம வீட்டுப் பொண்ணு வாழ்க்கை மாப்ள இது," என்றான் மச்சான், அவன் தோளைத் தட்டி.

விளக்கை மாற்றிக் கொடுத்தான். வேலை சுத்தமாக இருந்தது. நீலம் பளிச்சென்று எரிந்தது. மாப்பிள்ளை அந்த வாரம் முழுக்கக் குழந்தை மாதிரி சந்தோஷமாக இருந்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மச்சான் வீட்டில் எல்லோருக்கும் மதியச் சாப்பாடு. சித்தப்பாவும் வந்திருந்தார். கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்ததும், மச்சான் ஒரு கறுப்புப் பெட்டியைக் கொண்டுவந்து நடுக்கூடத்தில் வைத்தான். மேலே ஒரே ஒரு விளக்கு, பக்கத்தில் ஒரு பட்டன்.

"நானே செஞ்சது. விளக்கு சிவப்பா மாறும்போது அமுக்கணும். பச்சையில அமுக்கினா கழுதை மாதிரி கத்தும்."

பிள்ளைகள் போட்டிபோட்டு அமுக்கினார்கள். மாமியார்கூட ஜெயித்தார். மாப்பிள்ளை எழுந்து தண்ணீர் குடிக்கப் போகிறவன்போல நகர்ந்தான்.

"மாப்ள எங்க நழுவுறீங்க? பேனல் பாக்குற கை! வாங்க, வாங்க."

"எனக்கு இதெல்லாம் வேண்டாம் மச்சான்." கண்ணால் கெஞ்சினான்.

"அட, ஒரே ஒரு தடவை," என்று மனைவியே முதுகில் கைவைத்துத் தள்ளினாள்.

அமுக்கினான். கத்தியது. மறுபடி அமுக்கினான். மறுபடி கத்தியது. பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டார்கள். முதலில் சித்தப்பாவும் சிரித்தார். அப்புறம் அவருடைய சிரிப்பு மட்டும் நின்றது.

மாப்பிள்ளையின் கண்ணைப் பற்றி மச்சான் வாயிலிருந்து கடைசிவரை ஒரு வார்த்தையும் வரவில்லை. கொடுத்த வாக்கை எழுத்துக்கு எழுத்து காப்பாற்றினான்.

சித்தப்பா எழுந்து வந்து, ஜன்னல் ஓரம் காய்ந்துகொண்டிருந்த துணிகளைக் காட்டினார். "மாப்ள, அந்தத் துண்டு என்ன கலரு?"

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டான்.

"நான் கையெழுத்துப் போட்டு உள்ள விட்ட ஆளு நீங்க," என்றார் அவர். "நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆனா, நான்ல கம்பி எண்ணணும்."

மறுநாளே அவனைப் பேனலிலிருந்து எடுத்து, லாரியில் பெட்டி ஏற்றும் இடத்தில் போட்டார்கள். துரத்தாமல் விட்டதே சித்தப்பாவின் பெருந்தன்மை என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள்.

"உங்கண்ணன் வேணும்னே செஞ்சது அது," என்றான் மாப்பிள்ளை, இடுப்பில் தைலம் தேய்த்துக்கொண்டே.

"அவன் விளையாட்டுக்குச் செஞ்சான். பொய் சொன்னது நீங்க," என்றாள் மனைவி. "இத்தனை வருஷம் புடவை நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னீங்களே. எதைப் பாத்துச் சொன்னீங்க?"

"உன்னைப் பாத்துத்தான்."

அவள் உதட்டைச் சுழித்துவிட்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு சொந்தக்காரர்கள் யார் வந்தாலும் எதையாவது எடுத்து அவன் மூக்குக்கு நேரே நீட்டினார்கள். இது என்ன கலரு, சொல்லுங்க பாப்போம்? அவன் பதில் சொல்லச் சொல்ல, மற்றவர்களை விட அவள்தான் சத்தமாகச் சிரித்தாள்.

அந்தக் கறுப்புப் பெட்டி மச்சானின் கடை மேசைக்கு வந்துவிட்டது. காத்திருக்கும் வாடிக்கையாளர்கள் அதில் விளையாடினார்கள். மாப்பிள்ளைப் பெட்டி என்று மச்சான் அதற்குப் பேர் வைத்திருந்தான். பேர் வந்த கதையைக் கேட்டவர்களுக்கெல்லாம் நடித்தே காட்டினான்.

ஒரு சாயங்காலம், பள்ளி விட்டதும் மாமா கடைக்குப் போன மகளைக் கூட்டிவர மாப்பிள்ளை போனான். அவள் ஸ்டூல் மேல் ஏறி நின்று பெட்டியை அமுக்கிக்கொண்டிருந்தாள். ஒருமுறைகூடக் கத்தவில்லை.

"அப்பா, நீங்க ஆடுங்கப்பா!"

"அப்பாவுக்கு அது வராதும்மா," என்றான் மச்சான், கையிலிருந்த போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நான் சொல்லிக் கொடுக்கறேன். சிவப்பு வந்ததும் இப்பன்னு சொல்றேன், அமுக்குங்க."

மாப்பிள்ளை மேசையருகே வந்தான். இத்தனை பேரில் இவள் ஒருத்தியாவது பக்கத்தில் நிற்கிறாளே என்று பட்டனில் விரலை வைத்தான். அவள் அவன் தோளில் சாய்ந்து விளக்கையே பார்த்தாள்.

"இப்ப!"

அமுக்கினான். பெட்டி கத்தியது.

மகள் மாமாவைப் பார்த்தாள். மாமா கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். காத்திருந்த பெண்மணி ஒருத்தியும் சிரித்தாள். மாப்பிள்ளை மகளின் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே நடந்தான்.

தெருமுனையில் சாலையைக் கடக்க அவள் வழக்கம்போலக் கையை நீட்டினாள். அவன் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு, தனியாகவே கடந்தான். அந்தப் பக்கம் போன பிறகுதான் திரும்பினான். அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். நடுவில் பஸ்ஸும் வேனுமாக விரைந்தன. "அப்பா!" என்று ஒருமுறை கூப்பிட்டாள். முகம் கோணியது.

அவனுக்குக் கேட்டது. போகவில்லை. சிக்னல் விழுந்து ஆட்கள் நடக்க, யாரோ ஒருவரின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு அவளாகவே வந்து சேர்ந்தாள். வீடு வரும்வரை அவன் பின்னாலேயே அழுதுகொண்டு வந்தாள். அவன் நடையைக் குறைக்கவில்லை.