அதிரஸ்பானுக்குச் சொன்ன பெயர்

குன்சுலு அதிரஸ்பான் புதரின் முன் முழங்காலிட்டு உட்கார்ந்தாள். இலைகளில் இன்னும் பனி காயவில்லை.

"ஸலாம், அதிரஸ்பான். எங்க வீட்டுல ஒருத்தருக்கு உடம்பு சரியில்ல. உன்னை நம்பித்தான் வந்திருக்கேன்."

அடுத்து நோயாளியின் பெயரைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் பறித்தால் அது வெறும் களை, ஆடுகூட வாய் வைக்காத களை. அவள் வாயைத் திறந்தாள். இருபது வருடங்களாக அந்த வாய் கணவன் வீட்டார் ஒருவரையும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. அந்த ஊரில் மருமகள்கள் சின்னப் பிள்ளைகளைக்கூட அப்படி அழைப்பதில்லை. கல்யாணமாகி வந்த முதல் வாரமே எல்லோருக்கும் அவளாக ஒரு பெயர் வைத்துவிட்டாள். கொழுந்தனுக்கு அப்போது ஒன்பது வயது. நீண்ட கால்களோடு, அம்மாவின் பாவாடையை ஒட்டியே ஒட்டகக்குட்டி மாதிரி நடப்பான். வெள்ளைக்குட்டி என்றாள். அதுவே நின்றுவிட்டது.

"வெள்ளைக்குட்டிக்கு," என்று புதரிடம் சொன்னாள். வேரை விட்டுவிட்டுத் தண்டுகளை மட்டும் ஒடித்து மடியில் கட்டிக்கொண்டாள்.

நகரத்து ஆஸ்பத்திரியிலிருந்து அவனை அழைத்து வந்து பதினோரு நாட்கள் ஆகியிருந்தன. ஈரல் முழுக்கப் பரவிவிட்டது, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். பதினோரு காலைகளும் அவள் புல்வெளிக்குப் போனாள்.

காய்ந்த கட்டு ஒன்றை இரும்புக் கரண்டியில் பற்றவைத்துக் கட்டிலை மூன்று முறை சுற்றினாள். கசப்பான புகை கூரையில் தட்டிக் கீழே இறங்கியது. புதிதாகப் பறித்ததைக் கொதிக்கவைத்து ஆற்றிய தண்ணீரில், அவன் வீங்கிய பாதங்களை அத்தை கழுவிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, குதிரைக்கறிக்குப் புகை போடுற மாதிரி போடுறீங்களே," என்றான் அவன். "குளிர்காலத்துக்கு எடுத்து வைக்கவா?"

"உன் ஒடம்புல கறி எங்கடா இருக்கு? நாய்கூடத் திரும்பிப் பாக்காது."

சிரித்தான். சிரிப்பு பாதியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டது. அது அடங்கியதும் கேட்டான்.

"யாரு பேரச் சொல்லிப் பறிச்சீங்க?"

"உன் பேரத்தான்."

"என் பேரயா? நீங்களா?"

அவள் கரண்டியின் சாம்பலைத் தட்டினாள்.

"வெள்ளைக்குட்டின்னுதானே சொன்னீங்க? அதிரஸ்பான் பாவம், ஒவ்வொரு ஒட்டகமாப் போய் நீயா நீயான்னு விசாரிச்சிட்டு இருக்கும்."

"சும்மா கெடடா," என்றாள் அத்தை. அவளுக்கும் சிரிப்பு வந்தது.

குன்சுலுவுக்கு வரவில்லை. பதினோரு நாள். ஒரு நாள்கூட அது இந்த வீட்டைத் தேடி வந்திருக்காதோ?

வெளியே அவள் கணவன் செரிக்பாய் மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். அது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"நீங்க ஒரு தடவை போய்ப் பறிச்சிட்டு வாங்க. உங்க தம்பிதானே, நீங்க பேரச் சொல்லலாம்."

"டாக்டர் சொன்னப்ப நீயும் அங்கதான நின்ன."

"சொன்னாரு."

"அப்புறம் என்ன." அவன் தலை நிமிரவில்லை. கையிலிருந்த திருகை எண்ணெய்த் துணியால் துடைத்தான். மறுபடி துடைத்தான்.

அவள் உள்ளே வந்து சால்வையை எடுத்தாள்.

"எங்க கெளம்பிட்டீங்க?" என்றான் வெள்ளைக்குட்டி.

"இதோ வந்துடறேன்."

"சீக்கிரம் வாங்க அண்ணி."

காற்று வீட்டுப் பக்கம் வீசிக்கொண்டிருந்தது. காலையில் பறித்த இடத்தைத் தாண்டி நடந்தாள். மூன்றாவது மேடு ஏறி இறங்கி, வீட்டுப் புகைபோக்கி மறைந்த பிறகுதான் உட்கார்ந்தாள். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. ஸலாம் சொன்னாள். ஒருத்தருக்கு உடம்பு சரியில்லை என்றாள். பிறகு வாயிலிருந்து மூச்சு மட்டும் வந்தது.

தினமும் கேட்ட பெயர்தான். வாத்தியார் கத்திக் கூப்பிட்ட பெயர். பட்டாளத்துக் கடிதத்தின் மேல் எழுதியிருந்த பெயர். சுற்றிலும் பார்த்தாள். எங்கும் ஒரு குதிரைகூட இல்லை.

"அமன்ஜோல்," என்றாள்.

யாரோ ஒரு அந்நியனைக் கூப்பிட்டது போலிருந்தது. இரண்டாம் முறையும் அப்படித்தான். மூன்றாம் முறை சொன்னபோது அவன் முகம் வந்தது. அதன் பிறகு அவளால் நிறுத்த முடியவில்லை. அமன்ஜோலுக்கு, அமன்ஜோலுக்கு என்று ஒவ்வொரு தண்டுக்கும் சொல்லிச் சொல்லி ஒடித்தாள். கைகள் பச்சையாகின. சால்வை நிறைந்தது.

கடைசி மேட்டில் ஏறியபோது, பக்கத்துப் பட்டியிலிருந்து இரண்டு குதிரைகள் வீட்டை நோக்கிப் பாய்ந்து வருவது தெரிந்தது. ஏறியிருந்தவர்கள் சேணத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தார்கள்.

"ஐயோ என் தம்பியே... என் ஒடம்பொறப்பே..." என்று இருவரும் கதறிக்கொண்டே வந்தார்கள்.

அந்தப் புல்வெளியில் சாவு விழுந்தால் மட்டுமே ஆண்கள் அப்படிக் குதிரை ஓட்டி வருவார்கள். குன்சுலு ஓடவில்லை. நடந்தே வந்தாள்.

துக்க வீட்டு ஆண்கள் நிற்பதுபோல் செரிக்பாய் வாசலில் தடியை ஊன்றிக் குனிந்து நின்றான்.

"உன்னக் கேட்டான்," என்றான். "ரெண்டு தடவ கேட்டான்."

அவள் சால்வையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். அத்தை சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தாள். குன்சுலு அவளருகே உட்கார்ந்தாள். அவள் கைகளில் இன்னும் அந்தக் கசப்பு மணந்தது.

வெயில் சாயும் நேரத்தில் முல்லா வந்தார். ஊருக்குப் புதியவர், இளையவர். செரிக்பாய் ஆட்களோடு குழிக்கு இடம் பார்க்கப் போயிருந்தான். அத்தைக்குக் குரலே போய்விட்டிருந்தது. குன்சுலு எழுந்து வாசலுக்கு வந்தாள்.

முல்லா சட்டைப் பையிலிருந்து ஒரு சிறிய நோட்டையும் பென்சிலையும் எடுத்தார்.

"துவாவுல சொல்லணும். இறந்தவர் பேரு என்னம்மா?"

அவள் திரும்பி அத்தையைப் பார்த்தாள். அத்தை கண்களை மூடியிருந்தாள்.

"வெள்ளைக்குட்டி," என்றாள் குன்சுலு.

முல்லா பென்சிலை நோட்டின் மேல் வைத்தபடி காத்திருந்தார். முற்றத்தில் அவள் வைத்த இடத்திலேயே சால்வை அவிழ்ந்து கிடந்தது. பட்டிக்குத் திரும்பிய ஆடுகள் ஒவ்வொன்றாக வந்து முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப் போயின.